மூன்று ஊர் நெல், ஒரே ஸ்கைலைன்: எதை அனுப்ப வேண்டாம் என்ற கணக்கு

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நாலாபக்கமிருந்தும் நெல் வந்து இறங்கும். ஓர் ஆலைக்காரர் புதுவயல், தேவகோட்டை, காரைக்குடி என்று மூன்று இடத்தில் மண்டி பிடித்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். லோடு வரவர, குவிண்டால் விலையும் ஈரப்பதமும் பதிவாகின்றன. இரண்டும் குறைவாக இருக்க வேண்டும். ஆனால் ஒரு சதவீத ஈரத்துக்கு எத்தனை ரூபாய் விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டால் அவரால் சட்டென்று சொல்ல முடியாது. சொல்லவும் வேண்டியதில்லை. வேறு எந்த லோடாலும் மிஞ்ச முடியாத லோடுகளை மட்டும் திரையில் காட்டினால், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். அந்தப் பட்டியல்தான் ஸ்கைலைன்.

மிஞ்சுவது என்றால் என்ன என்பதில் கறாராக இருக்க வேண்டும். ஒரு லோடு விலை, ஈரம் என்று எல்லாக் கணக்கிலும் மற்றதைவிட மோசமில்லாமலும், ஏதாவது ஒன்றிலாவது அதைவிட மேலாகவும் இருந்தால்தான் மிஞ்சுகிறது. எல்லாம் சரிசமம் என்றால் இரண்டும் பட்டியலில் நிற்கும். கணக்கு பழசு, 1975இல் குங், லூச்சியோ, பிரெப்பராட்டா என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெக்டர்களின் (எண் வரிசைகளின்) உச்சங்களைக் கண்டுபிடிக்கும் கேள்வியாக இதை ஆராய்ந்தார்கள். ஸ்கைலைன் என்ற பெயரோடு டேட்டாபேஸுக்குள் கொண்டுவந்தது 2001இல் வந்த பொர்ஜோனி, கோஸ்மான், ஸ்டோக்கர் கட்டுரை.

தரவு ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால் இது பெரிய வேலையில்லை. மூன்று ஊரில் ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் சிக்கல். எல்லா லோடின் விவரத்தையும் மூன்று ஊருக்கும் பொதுவான மையக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் விடை சரியாக வரும், ஆனால் லைனும் மையமும் திணறும். நல்ல வேளையாக ஓர் உறுதி நமக்கு உண்டு: மொத்த ஸ்கைலைனில் இருக்கும் எந்த லோடும் தன் சொந்த மண்டியின் ஸ்கைலைனிலும் இருந்தே தீரும். தன் மண்டியிலேயே இன்னொன்றிடம் தோற்றது, மூன்று மண்டியையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் எப்படி ஜெயிக்கும்? ஆகவே மண்டியின் ஸ்கைலைனுக்குள் புதிதாக நுழைவதை மட்டும் அனுப்பினால் போதும்.

வருவதைச் சேர்ப்பது சுலபம். கஷ்டமெல்லாம் போவதில் இருக்கிறது. கடைசி 30 நிமிட லோடுகள் மட்டும் கணக்கில் என்று விண்டோ வைத்தால், ஸ்கைலைனில் இருந்த ஒரு லோடு காலாவதியாகும்போது, அதன் நிழலில் கிடந்தவை மேலே வரும். அதற்காக விண்டோவில் உள்ள அத்தனையையும் வைத்திருக்க வேண்டுமா? வேண்டாம். தன்னைவிடப் பின்னால் வந்த ஒன்றிடம் தோற்ற லோடை அங்கேயே தூக்கிப் போட்டுவிடலாம், நிரந்தரமாக. ஜெயித்தது இதைவிட அதிக நேரம் உயிரோடு இருக்கும்; இதற்கு வாய்ப்பே வராது. தனக்கு முன்னால் வந்தவற்றிடம் மட்டும் தோற்றவை வெயிட்டிங் லிஸ்டில் போகின்றன. அப்படி ஒவ்வொன்றுக்கும், தன்னை மிஞ்சிய பழையவற்றில் கடைசியாக வந்தது எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது காலாவதியாகும் நிமிடத்தில் இது ஸ்கைலைனுக்கு ஏறும். இந்த நேரங்களை ஒரு ஹீப்பில் (மிகச் சிறிய மதிப்பு எப்போதும் முதலில் கிடைக்கும் அடுக்கில்) போட்டுவிட்டால், ஒவ்வொரு காலாவதிக்கும் லிஸ்ட் முழுவதையும் துழாவ வேண்டியதில்லை.

இதில் இன்னொரு லாபம். லோடோடு அதன் நேர முத்திரையும் போய்விடுவதால், காலாவதிச் செய்தியை மண்டி அனுப்பவே வேண்டாம். மையமே கணக்குப் போட்டு நீக்கிவிடும். புதிய லோடு பழையதை மிஞ்சினாலும் தனியாக நீக்கச் சொல்ல வேண்டாம்; புதியது போய்ச் சேர்ந்ததுமே பழையது அங்கே தானாக விழும். லைனில் ஓடுவது சேர்ப்புச் செய்திகள் மட்டும்.

ஐந்து லோடை வைத்துப் பார்ப்போம். புதுவயலில் 10:00க்கு அ (2300 ரூபாய், ஈரம் 15), 10:05க்கு ஆ (2260, 17). தேவகோட்டையில் 10:10க்கு இ (2280, 14). காரைக்குடியில் 10:12க்கு ஈ (2290, 14). மறுபடி புதுவயலில் 10:20க்கு உ (2270, 14). இ வந்ததும் அ நிரந்தரமாகப் போயிற்று. ஆ மலிவு, இ காய்ச்சல் (ஈரம் குறைவு), இரண்டும் நிற்கின்றன. ஈ, தனக்கு முந்திய இ-யிடம் தோற்று மையத்தின் வெயிட்டிங் லிஸ்டில் உட்காருகிறது. 10:40க்கு இ போனால் 10:42 வரை ஈ-க்கு இரண்டு நிமிட வாழ்வு. அதற்குள் உ வந்து இ, ஈ இரண்டையும் துடைத்துவிடுகிறது. 10:35க்கு ஆ காலாவதியானபின் மீதி இருப்பது உ மட்டும். மொத்தம் ஐந்து செய்தி.

காரைக்குடிக்கு இ-யைப் பற்றி முன்பே தெரிந்திருந்தால் ஈ-யை அனுப்பியிருக்காது. அதுதான் ஃபில்டர் யோசனை: மையம் ஒரு வலுவான லோடை மற்ற மண்டிகளுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஃபில்டரிடம் தோற்கும் லோடு ஃபில்டரைவிடப் பழசு என்றால் அனுப்பவே வேண்டாம். புதுசு என்றால் ஃபில்டர் காலாவதியாகும்வரை பிடித்து வைத்தால் போதும். எதை ஃபில்டராக எடுப்பது? ஒவ்வொரு கணக்கிலும் உச்ச எல்லைக்கும் லோடின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கி, அதோடு மீதி ஆயுளையும் பெருக்குங்கள். பெரிதாக வருவதை எடுங்கள். ஆயுளைச் சேர்க்காமல் எடுத்தால், இரண்டு நிமிடத்தில் சாகப்போகும் லோடை ஊரெல்லாம் அறிவித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் மேலே உள்ள ஐந்து லோடுக்கு ஃபில்டர் நஷ்டம். இ-யை இரண்டு மண்டிக்கு அனுப்ப இரண்டு செய்தி, மேலே போவது நான்கு, 10:40க்குப் பிடித்து வைத்த ஈ வீணாகக் கிளம்புவது ஒன்று: மொத்தம் ஏழு. உ-வையும் அறிவித்தால் எட்டு. ஃபில்டர் தடுக்கும் லோடுகள், அதைப் பரப்பும் செய்திகளைவிட அதிகமானால்தான் லாபம். அதனால் தனியாக அறிவிக்காமல், மண்டி எதையாவது அனுப்பும்போது அதற்கான பதிலிலேயே அப்போதைய சிறந்த ஃபில்டரை ஏற்றி அனுப்புவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கொஞ்சம் பழைய ஃபில்டராக இருக்கலாம். பாதகமில்லை; உயிரோடு இருக்கும்வரை எந்த ஃபில்டரும் விடையைக் கெடுக்காது.

கெடுப்பது கடிகாரம். மூன்று ஊர் கம்ப்யூட்டரும் ஒரே நொடியில் ஓடாது. என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் முறை) வைத்தும் அரை விநாடி வரை விலகலாம் என்றால், பிடித்து வைத்த லோடை ஃபில்டர் சாவதற்கு அரை விநாடி முன்பே விடுவியுங்கள். முந்தி அனுப்பினால் ஒரு செய்திதான் வீண். பிந்தினால் விடையே தப்பு.

அடுத்தது மௌனம். செய்தியைக் குறைக்கக் குறைக்க, ஒரு மண்டி பேசாமல் இருப்பதற்கு அர்த்தம் இரண்டாகிறது: சொல்ல ஒன்றுமில்லை, அல்லது லைன் செத்துவிட்டது. ஹார்ட்பீட், அதாவது 'உயிரோடு இருக்கிறேன்' என்று அவ்வப்போது அனுப்பும் செய்தி, கட்டாயம். அதில் 'இந்த நேரம் வரை எல்லாம் பார்த்துவிட்டேன்' என்ற முத்திரையும் இருக்கட்டும். மூன்று முத்திரையில் எது பழையதோ, அதுவரைதான் மையத்தின் விடை உறுதியானது என்று திரையிலும் காட்டுங்கள். மண்டியின் மெஷின் விழுந்து எழுந்தால் வெயிட்டிங் லிஸ்டைத் திரும்பக் கட்ட, குறைந்தது ஒரு விண்டோ நீளத்துக்கு லாக் (வந்த லோடுகளின் பதிவு) வேண்டும். செய்திகளை வரிசையாகச் சேமிக்கும் காஃப்கா மென்பொருளை வைத்திருந்தால் அதன் ரிட்டென்ஷன் (பதிவை வைத்திருக்கும் நேரம்) 30 நிமிடத்துக்கு மேலே இருக்கட்டும்.

இதுவரை சொன்னது எல்லாமே, லோடு காலாவதியாகித்தான் போகும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. நெல் அப்படியா போகிறது? 10:20க்கு வந்த உ 10:25க்கே விலை போய்விட்டால், அதை நம்பித் தூக்கிப்போட்ட இ மறுபடி ஸ்கைலைனுக்கு வர வேண்டும். வராது, ஏனென்றால் அது நம்மிடம் இல்லை. இடையில் நீக்கம் வரக்கூடிய தரவில், பின்னால் வந்த ஒன்றிடம் தோற்றதுமே தூக்கிப்போடக் கூடாது. பின்னால் வந்த k லோடுகளிடம் தோற்ற பிறகுதான் போட வேண்டும். k மூன்று என்றால், எந்த இரண்டு லோடு விற்றாலும் பட்டியல் உடையாது. விற்றதை மையத்துக்கு நீக்கச் செய்தியாகச் சொல்ல வேண்டும். ஃபில்டராகப் போன லோடு விற்றால் அதைப் பெற்ற மண்டிகளுக்கும் உடனே சொல்ல வேண்டும். அங்கே பிடித்து வைத்திருக்கலாமே தவிர, எதையும் நிரந்தரமாகக் கழிக்கக் கூடாது. விலை மாற்றமும் இந்த வகைதான். விலை இறங்கினால் கவலையில்லை, புதிய பதிவு பழையதை மிஞ்சிவிடும். ஏறினால் அது நீக்கமும் சேர்ப்பும்.

'ஈரம் 17க்கு மேல் வேண்டாம்' என்ற வரம்பை ஸ்கைலைனுக்கு முன்னால் போட்டாலும் பின்னால் போட்டாலும் விடை ஒன்றே. வரம்பு மீறியதால் வரம்புக்குள் உள்ளதை மிஞ்ச முடியாது. 'பொன்னி மட்டும்' என்பதை முன்னால்தான் போட வேண்டும். இல்லையென்றால் மலிவான வேறு ரகம் பொன்னியைத் துரத்திவிடும்.

கணக்குகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஆசையை அடக்குங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத கணக்குகளில், 10,000 லோடுக்கு எதிர்பார்க்கக்கூடிய ஸ்கைலைன் அளவு இரண்டு கணக்கில் சுமார் 10, மூன்றில் சுமார் 50, ஐந்தில் 400க்கு மேல். நெல்லில் காய்ச்சல் கூடினால் விலையும் கூடும் என்பதால் இன்னும் பெருகும். 400 லோடைக் காட்டும் திரை ஆலைக்காரருக்கு எதற்கு? மீட்டர் காட்டும் 13.98, 14.02 போன்றவற்றை அரை சதவீதத்துக்குத் திருத்திக்கொண்டாலும் பட்டியலின் ஆட்டம் குறையும். மூன்று மண்டியிலும் ஒரே மாதிரி திருத்த வேண்டும். ஒன்று மட்டும் திருத்தாமல் விட்டால் அந்த ஊர் லோடுகள் காரணமில்லாமல் ஜெயிக்கும் அல்லது தோற்கும்.

கட்டிமுடித்தபின், முழு லாகையும் எடுத்து எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடும் முரட்டு புரோகிராம் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு விடையையும் ஒப்பிடுங்கள். மையத்தில் ஒரு லோடு கூடுதலாக இருந்தால், முதலில் காலாவதிக் கணக்கையும் தொலைந்துபோன நீக்கச் செய்தியையும் பாருங்கள். ஒன்று குறைந்தால், பிடித்து வைத்ததை விடுவிக்கும் நேரத்தையும் k-யின் அளவையும் பாருங்கள். ஒரே லோடு இரண்டு தடவை இருந்தால், மறு அனுப்பலில் லோடு எண் போகவில்லை.