விட்பி போகும் வழியில் ஒரு குழாயடி

கேரவன் பயண நிகழ்ச்சி செய்கிறேன் என்றால் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் மேக்கப் போட நிற்கும் ஏசி வண்டிதான். மதுரையில் என் அத்தை இன்றுவரை அப்படித்தான் நம்புகிறார். நான் திருத்தவில்லை; மரியாதை கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது. எங்களுடையது இன்ஜினே இல்லாத, இரண்டு சக்கர வெள்ளைப் பெட்டி. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். ஓட்டுவது நான், கேமரா இவர். வடமேற்கு லண்டனில் ஹாரோவில் வீடு. சனி ஞாயிறோடு ஒட்டி நாலு நாள் லீவு கிடைத்தால் கிளம்பிவிடுவோம். திரும்பி வந்து, சமையல் முடிந்த ராத்திரிகளில் எடிட்டிங் செய்து இணையத்தில் ஏற்றுவோம்.

இந்த ஜூனில் போனது வடக்கு யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள விட்பிக்கு. ஏறக்குறைய 250 மைல். காரில் மட்டும் போனால் ஐந்து மணி நேரம். கேரவனோடு போனால் அந்தக் கணக்கை மறந்துவிட வேண்டும். நடுவே தடுப்பு உள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் மணிக்கு 60 மைல்தான் உச்சம், ஒற்றைச் சாலையில் 50. மூன்று தடம் இருந்தால் வலது ஓரத் தடத்தில் கால் வைக்கவே கூடாது. ஓடும்போது கேரவனுக்குள் யாரும் உட்காரவும் கூடாது. "பின்னாடி படுத்துக்கொண்டே போகலாமே" என்று கேட்கும் நண்பர்களுக்கு இதுதான் பதில்.

பயணம் உண்மையில் முந்தின நாள் வீட்டு வாசலில், எடைக் கணக்கில் தொடங்குகிறது. சாமான்கள் ஏற்றிய கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் நடைமுறை விதி. சட்டமல்ல, ஆனால் நான் மீறுவதில்லை. எங்கள் கார் 1,700 கிலோ. அப்படியென்றால் கேரவன் 1,445-க்குள். அதோடு முடியவில்லை. கேரவனின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் எடை மொத்தத்தில் ஐந்து முதல் ஏழு சதவீதம் இருக்க வேண்டும். காருக்கென்று உள்ள வரம்பையும் தாண்டக் கூடாது. மூக்கு லேசாகி, பின்பக்கம் கனத்துவிட்டால் வேகத்தில் கேரவன் இடமும் வலமுமாக நெளிய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பதுதான் பெரிய ஆபத்து. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, அதுவாகவே அடங்க விட வேண்டும்.

ஆகவே எங்கள் வீட்டில் பொன்னி அரிசி மூட்டைக்கும் கேமரா ஸ்டாண்டுகளுக்கும் ஒரே இடம்தான்: சக்கர அச்சுக்கு நேர் மேலே, தரையோடு தரையாக. இவர் லென்ஸ் பெட்டியைப் பின் அலமாரியில் வைக்கப் பார்ப்பார். நான் எடுத்து நடுவில் வைப்பேன். "என்னம்மா, இரண்டு கிலோ கூட இல்லை" என்பார். இரண்டிரண்டு கிலோவாகத்தான் சேர்கிறது.

பாதை இதுதான்: எம்1 மோட்டார்வே, பிறகு ஏ1(எம்), 44-ஆம் சந்திப்பில் பிரிந்து ஏ64 சாலை, யார்க் நகரைச் சுற்றிக்கொண்டு மால்டன், அங்கிருந்து ஏ169 பிடித்து பிக்கரிங், அதன்பின் மூர் எனப்படும் மேட்டுப் புதர்வெளி. வரைபடத்தில் இன்னொரு பாதையும் கண்ணில் படும்: தர்ஸ்க் பக்கமிருந்து ஏ170. அதில் சட்டன் பேங்க் என்று ஒரு மேடு. நான்குக்கு ஒன்று சரிவு, கேரவன்களுக்குத் தடை. தடை என்பது அறிவுரை அல்ல, நிஜத் தடை. சாதாரண ஜிபிஎஸ்-ஐ நம்பிப் போகிறவர்கள் அடிவாரத்தில் பலகையைப் பார்த்துவிட்டு, திரும்ப இடம் தேடி அல்லாடுவார்கள்.

ஏ169-லும் சும்மா விடுவதில்லை. பிக்கரிங் தாண்டியதும் ஹோல் ஆஃப் ஹார்க்கம் என்ற மாபெரும் பள்ளம் சாலையோரத்திலேயே வாயைத் திறந்து கிடக்கிறது. அதற்கப்புறம் ஃபைலிங்டேல்ஸ் விமானப்படைத் தளத்தின் ராடார் பிரமிடு, ஒரு மரம்கூட இல்லாத வெளியில் ஒற்றையாக நிற்கிறது. இவர் இரண்டையும் ஜன்னல் வழியாகவே எடுத்துக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அடுத்து வரவிருந்த ப்ளூ பேங்க் இறக்கத்தை. ஸ்லைட்ஸ் கிராமத்துக்குள் இறங்கும் 20 சதவீதச் சரிவு. பிரேக் போன வண்டிகள் ஒதுங்க அங்கே தனித் தடமே போட்டு வைத்திருக்கிறார்கள். கேரவனுக்கு நம் காலடியில் பிரேக் கிடையாது. கார் வேகம் குறைந்ததும் கேரவன் முன்னே வந்து கொக்கியை நெருக்கும். அந்த நெருக்கலில்தான் அதன் பிரேக் பிடிக்கும். நீண்ட இறக்கத்தில் கார் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் இரண்டு வண்டியின் பிரேக்கும் சூடேறும். இறக்கம் தொடங்கும் முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். பின்னால் சேர்ந்துவிட்ட வரிசையைக் கண்ணாடியில் பார்க்கக் கூடாது. இது என் சொந்த விதி.

இந்தப் பாதைகளில் போகும்போதெல்லாம் கார்டன் ஸ்டேபிள்ஸ் ஞாபகம் வரும். கடற்படையில் மருத்துவராக இருந்தவர், பிறகு எழுத்தாளர். 1885-ல் பிரிஸ்டலில் 'வாண்டரர்' என்று ஒரு மரவீட்டு வண்டியைக் கட்டச் செய்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, ட்வைஃபோர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போனார். பிழைப்புக்காக இல்லாமல், சும்மா ஊர் சுற்றுவதற்கென்றே செய்த முதல் கேரவன் என்று அதைத்தான் சொல்வார்கள். ஏறக்குறைய இரண்டு டன். உள்ளே ஒரு கிளி, ஒரு பெரிய நாய். முன்னால் மூன்று சக்கர சைக்கிளில் பணியாள் போய், எதிரே வருகிறவர்களை எச்சரித்துக்கொண்டே இருப்பார். போய் வந்ததை அடுத்த ஆண்டே புத்தகமாகவும் போட்டுவிட்டார். ஒரு வகையில் எங்கள் தொழிலைத் தொடங்கி வைத்தவரே அவர்தான். மேடு வந்தால் குதிரைகளைத்தான் கெஞ்ச வேண்டும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

நாங்கள் தங்கியது ஒரு பண்ணையின் புல்வெளியில். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கங்கள், தங்கள் உறுப்பினர்களுக்காக, விவசாயிகளின் நிலத்தில் ஐந்து கேரவன் வரை நிற்கும் சின்னச் சின்ன இடங்களுக்குச் சான்று தரலாம். நீச்சல் குளம் கிடையாது, கடை கிடையாது. ஒரு குழாய், கழிவு கொட்ட ஓர் இடம், அதிர்ஷ்டம் இருந்தால் மின்சாரம். எனக்குப் பெரிய முகாம்களைவிட இவைதான் பிடிக்கும். பெரிய முகாமில் எல்லோரும் அவரவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரம் பேச்சே கிடையாது. சாய்தளக் கட்டை வைத்து இடம் வலம் மட்டம், மூக்கின் கீழே உள்ள சின்னத் துணைச் சக்கரத்தைத் திருகி முன் பின் மட்டம், அப்புறம் நான்கு மூலைக் கால்கள். மட்டம் சரியில்லாவிட்டால் தோசைக்கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடும். மின்சாரம் அங்கே 10 ஆம்பியர், அதாவது 2,300 வாட். காலைக் குளிருக்கு ஒரு கிலோவாட் ஹீட்டர், வெந்நீருக்கு ஒரு கிலோவாட் கெட்டில், சட்னிக்கு 750 வாட் மிக்ஸி. மூன்றும் ஒன்றாக ஓடினால் சுவிட்ச் விழுந்துவிடும். முதலில் சட்னி, பிறகு ஹீட்டர், கடைசியில் டீ. இந்த வரிசையை இவர் ஏற்றுக்கொள்ள இரண்டு பயணங்களாவது பிடித்திருக்கும்.

தண்ணீருக்கு 40 லிட்டர் பிடிக்கும் பீப்பாய். நிரப்பி, கைப்பிடி மாட்டி, தரையில் உருட்டிக்கொண்டு வரலாம். குழாயடியில்தான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். ஹல் நகரத்துக்காரர். இந்த நாட்டில் கேரவன் கட்டும் தொழில் அதிகம் நடப்பது அந்தப் பக்கம்தான்; அவரும் ஒரு தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்தவர். என் மைக்கைப் பார்த்ததும், "முகம் வேண்டாம், குரல் வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றார். பீப்பாய் நிரம்பி வழிந்து புல்லில் ஓட ஓட, ஈரத்தைப் பற்றி மட்டுமே பேசினார்.

"பழைய கேரவன் வாங்கப் போகிறவர்கள் அடுப்பையும் மெத்தையையும் பார்க்கிறார்கள். கதவைத் திறந்ததும் முதலில் மோந்து பார். பிறகு மூலைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார். மெத்தென்று இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போ" என்றார். பழைய கேரவன்களின் சுவருக்குள் மரச்சட்டம் இருக்கும். கூரையும் சுவரும் சேரும் தையல்களில் அடைப்புப் பசை காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே மரம் கூழாகிக்கொண்டிருக்கும். ஈரமானி வைத்துப் பார்த்தால் 15 சதவீதம் வரை கவலையில்லை, 15-லிருந்து 20 வரை கண்காணிக்க வேண்டும், அதற்கு மேலே போனால் செலவுதான். பேச்சின் நடுவே அவர் மனைவி வந்து, "டீ ஆறிப் போச்சு" என்று ஒரு சத்தம் போட்டார். அதையும் வெட்டவில்லை.

ஒலிப்பதிவு கேரவனில் பெரும்பாடு. ஹீட்டர் விசிறி, தண்ணீர் பம்பு எல்லாம் நிறுத்த வேண்டும். மழை வந்தால் கூரைச் சத்தத்தில் வேலையே நடக்காது. பின்னணிக் குரலை நான் கட்டிலில் ரஜாயைத் தலையோடு போர்த்திக்கொண்டுதான் பதிவு செய்கிறேன். எதிரொலி போய், குரல் ஸ்டுடியோவில் எடுத்ததுபோல் வரும். வியர்த்துக் கொட்டும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது.

விட்பி ஊருக்குக் காரில் மட்டும் போனோம். அந்தச் சந்துகளில் கேரவன் நுழையாது. 199 படி ஏறினால் கிழக்குக் குன்றின் மேல் அபே. ஹில்டா என்ற பெண் துறவியின் தலைமையில் 657-ல் தொடங்கிய மடம். ஈஸ்டர் நாளை எப்படிக் கணிப்பது என்று 664-ல் இங்கே கூடித்தான் முடிவெடுத்தார்கள். இன்று நிற்பது பின்னாளில் கட்டியதன் இடிபாடு. ஆங்கிலத்தில் பெயர் தெரிந்த முதல் கவிஞர் கேட்மன் இந்த மடத்தில் மாடு மேய்த்தவர் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கீழே துறைமுகம், குக் கேப்டனின் எண்டெவர் கப்பல் இந்த ஊரில் கட்டியது. கடற்கரை வடக்கு நோக்கி இருப்பதால் ஜூன் மாதத்தில் கடலிலேயே சூரியன் உதித்துக் கடலிலேயே மறைகிறது. அதிகாலை நாலரைக்கு ஒரு முறை, இரவு ஒன்பதரை தாண்டி ஒரு முறை என்று இவர் இரண்டையும் எடுத்தார். ட்ரோன் பையிலேயே இருந்தது. கடற்காற்று அப்படி.

எடிட்டிங்கில்தான் சண்டை. இருபது நிமிட நிகழ்ச்சியில் சூரிய உதயத்துக்கும் அபேக்கும் சேர்த்து நான் ஒரு நிமிடம்தான் கொடுத்தேன். குழாயடிப் பேச்சுக்கு ஆறு நிமிடம். "முகமே இல்லாமல் ஆறு நிமிடமா? பீப்பாயையும் புல்லையும் எத்தனை நேரம் காட்டுவது?" என்றார் இவர். அபேயின் அழகான படங்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. காலையில் பதினைந்து நடை தள்ளியிருக்கும் தொட்டியில் கழிப்பறைப் பெட்டியைக் கவிழ்த்து, கழுவி, மருந்து ஊற்றி மாட்டுவதைத் தமிழில் யார் காட்டியிருக்கிறார்கள்? கேரவன் வாங்கலாமா என்று யோசிக்கும் ஒரு குடும்பத்துக்குத் தேவை அதுதான். கடைசியில் உதயத்துக்கு இருபது விநாடி கூட்டிக் கொடுத்து ஆளை அடக்கினேன்.

வந்ததும் ஈரமானி ஒன்று வாங்கி, எங்கள் கேரவனைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தேன். எல்லா இடமும் பத்து, பன்னிரண்டு. முன் ஜன்னலுக்குக் கீழே மட்டும் 17. பட்டறையில் நாள் கேட்டிருக்கிறேன். தையலைப் பிரிக்கும்போது கேமரா வைக்க விடுவார்களா என்றும் கேட்டிருக்கிறேன். அடுத்த பகுதி அதுவாகத்தான் இருக்கும்.