வங்கி மேலாளர் முதலில் படிக்கும் பக்கம்

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் மதினி அப்பளத் தொழில் தொடங்கப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் கேட்டோம். அட்டவணைகளை ஆடிட்டர் போட்டுக் கொடுத்தார். திட்ட அறிக்கையின் முன்பக்கச் சுருக்கம் என் பொறுப்பு.

மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் அதில் கை வைத்தேன். இயந்திரக் கொட்டேஷன் மாறினால் கடன் தொகையும் தவணையும் மாறிவிடும். முன்கூட்டியே எழுதினால் முன்பக்கம் ஒன்று சொல்லும், உள்பக்கம் வேறொன்று சொல்லும்.

முதல் பத்தியிலேயே கேட்க வந்ததைக் கேட்டுவிட்டேன்: திட்டச் செலவு 20 லட்சம், சொந்தப் பணம் 1 லட்சம், வங்கிக் கடன் 19 லட்சம். பெண், அதுவும் கிராமம் என்பதால் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் 35 சதவீதம், அதாவது 7 லட்சம். ஆனால் அந்த மானியம் உடனே கைக்கு வராது, 3 வருடம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அதனால் அதை வருமானத்தோடு கலக்காமல் தனி வரியில் வைத்தேன்.

அதிக நேரம் பிடித்தது டிரையர், அதாவது அப்பளம் காயவைக்கும் இயந்திரம் பற்றிய வரிதான். செலவில் பெரிய தொகை அது. "வெயிலில் காயப்போட்டால் போதாதா?" என்று யாரும் கேட்பார்கள். "நவீன தொழில்நுட்பம், உயர்ந்த தரம்" என்றெல்லாம் எழுதினால் அதற்குப் பதில் ஆகாது. மதினியிடமே கேட்டேன். "ஐப்பசி, கார்த்திகை மழையில மாவு பிசையவே முடியாது தம்பி, ஆளுக எல்லாம் சும்மாதான் உக்காந்திருக்கணும்" என்றார். அதையே எழுதினேன்: "மழை மாதங்களில் வெயிலை நம்பி உற்பத்தி நடக்காது, டிரையர் இருந்தால் ஆண்டு முழுவதும் நடக்கும்." பக்கத்திலேயே கொட்டேஷன் இருக்கும் பக்க எண்.

அப்புறம் கடனைத் திருப்பிக் கட்டும் திறன். லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, வருடத்தில் கட்டவேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவதுதான் டி.எஸ்.சி.ஆர். என்ற விகிதம். வங்கிக்காரர் கண் முதலில் போகும் இடம் அது. வருடவாரி அட்டவணையை உள்ளே விட்டுவிட்டு, சராசரியையும் ஆகக் குறைந்த வருடத்தையும் மட்டும் சொன்னேன். குறைந்ததை மறைத்தால் சராசரியையும் நம்பமாட்டார்கள்.

மதுரை அப்பளத்தின் பெருமை பேசிய பத்தியை மனசில்லாமல்தான் எடுத்தேன். சுருக்கம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது.

மேலாளர் அதைப் படித்துவிட்டு நேராக டிரையர் கொட்டேஷனுக்குப் புரட்டினார். அப்புறம் மதினியைப் பார்த்து, "உளுந்து விலை ஏறினா என்னம்மா பண்ணுவீங்க?" என்றார். மதினியே பதில் சொன்னார்.