கங்கைப் பாலத்துக்குத் தெற்கே

ஜனவரி 6

இலங்கையில் இந்த மகாவலிக் கரை வீட்டுக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. அப்பா பையைக்கூட இறக்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பினார். "முதலை கரையேறும் நேரம், ஐயா. விடியட்டும்" என்று வீட்டுக்காரர் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார்.

ஜனவரி 7

நான் எழுந்தபோது அப்பா கரையில் நின்றிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண்டல் வேர்களுக்கு நடுவே ஒரு கம்பை ஊன்றிக்கொண்டிருந்தார். கம்பு முழுக்கக் கத்தியால் கீறிய கோடுகள், அங்குலத்துக்கு ஒன்று. கீழணையில் காலமெல்லாம் தண்ணீர் அளந்த கை, எந்த ஆற்றைக் கண்டாலும் சும்மா இருக்காது. "எட்டாவது கோடு. சாயங்காலம் பார்" என்றார்.

சாயங்காலம் ஒன்பதைத் தொட்டிருந்தது. கடல் ஏற்றம் இங்கே வரைக்கும் தெரிகிறது என்பதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சி. கோடையில் உப்பு இன்னும் மேலே ஏறிவிடும், கிணறெல்லாம் சவர் என்று வீட்டுக்காரரின் மனைவி ராத்தா சொன்னார். இப்போது மாரி. ஆறு செம்மண் நிறத்தில் கரை கொள்ளாமல் போகிறது.

மத்திய மலைகளில் பிறந்து, கண்டியைச் சுற்றி, பொல்கொல்லையில் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுத்து, விக்டோரியா அணையின் 122 மீட்டர் சுவருக்குப் பின்னால் தேங்கி, மொத்தம் 335 கிலோமீட்டர் நடந்து கொட்டியாரக் குடாவில் சேருகிறது மகாவலி. அப்பாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவர் பார்க்க வந்தது அணையை அல்ல, இந்தக் கடைசி மைல்களை. பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைக் கோடையில் பார்த்துவிட்டு வந்து வீட்டில் யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டவர் அவர். கடலுக்குப் போகிற தண்ணீர் வீண் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவார். மீன் எதைக் குடிக்கும், மணல் எங்கிருந்து வரும், உப்பை யார் தள்ளி நிறுத்துவது என்பார். அவர் சொல்வது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

இரவு புட்டு, கணவாய்க் கறி. பிறகு மண்சட்டியில் எருமைத் தயிர். கத்தியால் வெட்டி எடுக்கலாம் போல இருந்தது. அப்பா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜனவரி 8

திருகோணமலை, கோணேசர் கோயில். கோட்டை வாசலுக்குள் புள்ளிமான்கள் மனிதரைச் சட்டை செய்யாமல் நிற்கின்றன. அப்பா சந்நிதியில் சம்பந்தர் பதிகத்தை முழுக்கப் பாடினார், தடங்கலே இல்லை. பாறை விளிம்பிலிருந்து கீழே கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

திரும்பும்போது கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார். வெயில் என்று நினைத்தோம்.

ஜனவரி 9

102.

ஜனவரி 10

மழை. காய்ச்சல் இறங்குகிறது, ஏறுகிறது. முதுகு, முழங்கால், கண். அப்பா வலியைச் சொல்லும் ஆள் இல்லை, இன்று சொல்கிறார்.

வீட்டுக்கார நாநாவின் மகனுக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறது. அதனால் இந்த வீட்டில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பரசிட்டமோல் தவிர வேறு குளிசை கூடாது, இரத்தக் கசிவு வந்துவிடும் என்று நாநா சொல்லி, அப்பாவின் மூட்டுவலி மாத்திரைகளை வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டார். ராத்தா சின்னவளின் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். நடுவில் பேனாவால் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'குடித்தது', மறுபக்கம் 'கழித்தது'. அளப்பதற்கு ஒரு பழைய பால் போத்தல், மில்லிலிட்டர் எண்கள் பாதி அழிந்தது. செவ்விளநீர் 200. ஜீவனி உப்புக்கரைசல் 150. கொத்தமல்லித் தண்ணீர் 100, அதில் பாதி வாந்தி. கஞ்சி நான்கு கரண்டி.

'கழித்தது' பக்கத்தை எழுதும்போது அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ராத்தா வெளியே போய்விட்டார். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

கம்பைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பதினொன்று.

ஜனவரி 11

இரத்தப் பரிசோதனை. டெங்குதான்.

முடிவு வந்ததும் ராத்தா தயிர்ச் சட்டிகளைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் வெறும் சட்டிகள், கவிழ்த்து அடுக்கியவை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, மறுபடி கவிழ்த்தார். சிரட்டைகள், பூச்சாடித் தட்டுகள், கூரைப் பீலி, சின்னவளின் விளையாட்டு வாளி. ஒன்றிலும் தண்ணீர் இல்லை. மழை நின்றதும் மறுபடி முதலிலிருந்து. "எங்கள் வீட்டில்தானா ஐயாவைக் கடித்தது?" என்று என்னிடம் கேட்ட முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கடித்து நாலு நாளாவது ஆகாமல் காய்ச்சல் வராது, பத்து நாள்கூட ஆகலாம். நாங்கள் இங்கே வந்ததே ஆறாம் தேதி இரவு. யாழ்ப்பாணத்தில் கடித்திருக்கலாம், ஊரிலேயே கடித்திருக்கலாம். விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு எழுந்துபோய்ச் சட்டிகளை மறுபடி பார்த்தார்.

ஜனவரி 12

இரத்தத் தட்டணுக்கள் 88,000. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஆண்கள் வார்டு, இரவில் பெண்கள் தங்கக் கூடாது. நான் வாசலில் நின்று என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் நாநா சாரம், பாய், சீப்பு எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்துவிட்டாராம். "நான் இருக்கிறேன் மகள். நீங்கள் ராத்தாவோடு போங்கள்."

கிண்ணியாப் பாலம் வழியாக இருட்டில் திரும்பினோம். 396 மீட்டர். 2009 இல்தான் இந்தப் பாலம் வந்தது. அதற்கு முன்னால் பாதை என்கிற மிதவைப் படகு வரும் வரைக்கும் நோயாளியைக் கரையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்றார் ஓட்டோக்காரர். எனக்கு இப்போது பாலத்தைத் தவிர வேறு எதன் மேலும் நம்பிக்கை இல்லை.

ஜனவரி 13

காய்ச்சல் விட்டுவிட்டது! அப்பா எழுந்து உட்கார்ந்து இடியப்பம் கேட்டார். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன்.

டாக்டர் சின்னப் பெண், தமிழ்தான். வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்: காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். ஒன்றிரண்டு நாள். அந்த நேரத்தில் நாடி, அழுத்தம், பிசிவி (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கசிவு நின்ற பிறகு கூடுதல் நீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

61,000.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நொடியில் புரிந்துகொள்வார். கரை கசிகிற வாய்க்காலில் எவ்வளவு விடுவது, எப்போது நிறுத்துவது என்பதுதானே அவர் பிழைப்பு. புரிந்துகொண்டால் தூங்கமாட்டார்.

அம்மா பேசினார். போகிக்குப் பழைய பாயை எரித்தாராம். அப்பா எங்கே என்றார். தூங்குகிறார் என்றேன். "இந்த நேரத்திலா?" நாளைக்கு பொங்கல், பேசச் சொல்லு என்றார். தம்பிக்குத் தெரியும், அவனும் சொல்லவில்லை. அம்மாவிடம் மறைப்பது சரியா? எட்ட இருந்துகொண்டு அவர் என்ன செய்வார், மூச்சு முட்டி அழுவார், விசா இல்லாமல் விமான நிலையத்துக்குப் போய் நிற்பார். அவர் அப்படித்தான். ஆனால் நாற்பது வருடம் கூட இருந்தவருக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. இரவு ஒரு மணி. மழை விடவில்லை. ராத்தாவும் தூங்கவில்லை, அடுப்படியில் விளக்கு எரிகிறது. தொலைபேசியை எடுக்கிறேன், வைக்கிறேன். நாளைய எண் வந்த பிறகு சொல்லலாம். எண் குறைந்திருந்தால்? அப்போது எப்படிச் சொல்வது? இப்போதே சொல்லியிருக்கலாமே என்பார். கூடியிருந்தால் எதற்குச் சொல்வது என்றாகிவிடும்.

ஜனவரி 14

43,000.

அடுத்த ஊரிலிருந்து பொங்கல் புக்கை வந்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஜனவரி 15

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "கொப்பியில் எழுதுகிறாயா? படி" என்றார். நேற்றைய பக்கத்தை முழுக்கப் படித்தேன். வார்டில் நாநா எழுதியது. எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது, ஆனால் ஒரு மணி நேரத்தையும் விடவில்லை. 'இரவு 2.10, தண்ணீர் 50. ஐயா ஆறு எவ்வளவு என்று கேட்டார்.' அந்த வரி வந்ததும் அம்மா சிரித்துவிட்டார்.

31,000. பிசிவி நிலையாக இருக்கிறது, அதுதான் முக்கியம் என்கிறார் டாக்டர். நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மதியம் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களுக்கு அறிவித்துவிடுகிறார்கள். ராத்தா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு கதவருகில் நின்றார். இந்த வீட்டை நம்பித்தான் அவர்கள் பிழைப்பு; டெங்கு வீடு என்று ஊரில் பெயர் வந்தால் யார் வந்து தங்குவார்கள்? நானே முன்னால் போய்த் தேதிகளைச் சொன்னேன். எங்கே எங்கே தங்கினோம், எப்போது காய்ச்சல் தொடங்கியது, எல்லாம். அவர் எழுதிக்கொண்டார். பிறகு பின்பக்கம் போய்ச் சட்டிகளைப் பார்த்தார். கவிழ்த்த சட்டிகளை ஒவ்வொன்றாக, ராத்தா பார்ப்பது போலவே. ஒன்றும் இல்லை. கிணற்றில் மீன் விட்டிருப்பதைப் பார்த்து நல்லது என்றார். அவர் போனதும் ராத்தா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

எதற்கு எங்களுக்காக இவ்வளவு என்று கேட்டேன். சுனாமியில் ஒரு வீடு, 2006 இல் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தபோது இன்னொரு வீடு, யார் யாரோ எங்களை வைத்திருந்தார்கள் தங்கச்சி என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அரிசி களையப் போய்விட்டார்.

மேலே மலையில் பெருமழை. நீர்த்தேக்கங்களில் வான்கதவு திறந்திருக்கிறார்கள். கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல் தாழ்நிலங்களுக்கு எச்சரிக்கை என்று வானொலி சொல்கிறது. கம்பில் கோடே தெரியவில்லை, நுனி மட்டும். கண்டல் மரங்கள் இடுப்பளவில் நிற்கின்றன. அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். பாஸ்போர்ட்டுகளை நெகிழிப் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். தெருவில் தண்ணீர் வந்தால் நான் இந்தக் கரையிலும் அப்பா அந்தக் கரையிலும். பாலம் நிற்கும். பாலத்துக்குப் போகிற தெரு நிற்குமா?

ஜனவரி 16

34,000. மேலே! மூவாயிரம் மேலே!

தெருவில் கணுக்கால் தண்ணீர். ஓட்டோ வருகிறது.

ஜனவரி 17

கம்பு போய்விட்டது. அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

நாநாவின் மகன் வள்ளத்தை வீட்டுப் படியிலேயே கட்டிவிட்டான். வெள்ளம் இன்னும் ஒரு முழம் ஏறினால் அதிலேயே பாலம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன் அக்கா என்றான். தேவைப்படவில்லை, காலையிலிருந்து தண்ணீர் அதே இடத்தில் நிற்கிறது.

ஜும்ஆவுக்குப் பிறகு நாநா தொலைபேசியில் பேசினார். 52,000. சேலைனைக் கழற்றிவிட்டார்கள். ஐயா சோறு சாப்பிட்டார், தயிர் கேட்கிறார், கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறேன் என்றார். குரல் கட்டியிருந்தது, ஐந்து இரவாக அந்தத் தரையில் படுக்கிறார். இன்றைக்காவது வீட்டுக்கு வந்து தூங்குங்கள் என்றதற்கு, ஐயாவோடுதான் வருவேன் என்றுவிட்டார்.

வேட்டி இரண்டு, மேல்துண்டு, கண்ணாடி, சவரக் கத்தி. ராத்தா சட்டித் தயிரை வாழையிலையால் மூடிக் கட்டுகிறார், டாக்டர் வேண்டாமென்றால் நர்ஸுகளுக்குக் கொடுத்துவிடச் சொல்கிறார். வார்டில் பாஸ்போர்ட்டைக் கேட்கிறார்களாம், எதற்கென்று நாநாவுக்குத் தெரியவில்லை. ஓட்டோ வந்துவிட்டது.