ஆல் பாஸ்

நகராட்சிச் செய்தி எழுதுகிறவனுக்கு ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கிடைத்துவிட்டால் இரண்டு வருடத்துக்குச் செய்திப் பஞ்சம் இல்லை. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் அறிவிப்பார். பிறகு நிர்வாக அனுமதி வழங்கி அரசாணை வரும். நகர்மன்றத்தில் தீர்மானம் வரும். ஒப்பந்தப்புள்ளி கோரி விளம்பரம் வரும். பூமி பூஜை நடக்கும். ஒற்றைச் செங்கல்லைச் சுற்றி இருபது பேர் நிற்கும் படத்தில் யார் தலையும் வெட்டுப்படக் கூடாது என்பது அன்றைய கவலை. கடைசியில் முதலமைச்சர் தலைமைச் செயலகத்திலிருந்து காணொலிக் காட்சி மூலம் திறந்து வைக்க, இங்கே நகர்மன்றத் தலைவர் குத்துவிளக்கு ஏற்றுவார். இவை ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி. தொட்டியில் தண்ணீர் ஏறியதா, ஏறிய தண்ணீர் கடைசித் தெரு வரை போகிறதா என்பதற்கு மட்டும் எவரும் அழைப்பிதழ் அனுப்புவதில்லை.

தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக நெடுங்காலம் இருந்தேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் எனக்குத் தகவல் தந்தவர்கள். பகுதி நேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். அதிகாலையில் விபத்துச் செய்தி, பகலில் ஆர்ப்பாட்டம், மாலையில் கோயில் திருவிழா என்று நேரம் முழுதாகவே போகும். வருமானம் பெரும்பாலும் விளம்பரக் கமிஷனில்தான். பிறந்தநாள் வாழ்த்து, பள்ளித் தேர்ச்சி விளம்பரம், நகைக்கடைத் திறப்பு விழா எல்லாம் நம் வழியாகப் போகும். நகராட்சியின் டெண்டர் விளம்பரம் போகாது. அது செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாக வரும். கீழே ஓரத்தில் 'செ.ம.தொ.இ' என்று எண்ணுடன் அச்சாகியிருக்கும். அதனால் எனக்கு ஒரு பைசா கிடைக்காத அந்த விளம்பரத்தை ஆரம்பத்தில் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் நகராட்சியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். "தம்பி, தொகையைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்" என்றார்.

உண்மையில் எல்லாம் தேதியில்தான் இருக்கிறது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது, அதன் விதிகள் 2000இல். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்ட பணிக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது விதி. அதைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிக் கையெழுத்திட வேண்டும். விளம்பரம் வெளியான நாளையும் கடைசி நாளையும் கழித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதைவிடச் சுவையானது 'இரண்டாம் அழைப்பு', 'மூன்றாம் அழைப்பு' என்று அடைப்புக்குறிக்குள் வரும் சொற்கள். ஒரு பணியை எடுக்க எவரும் முன்வரவில்லை என்று பெரும்பாலும் அதற்குப் பொருள். மதிப்பீடு விலைவாசிக்கு ஒட்டாமல் இருக்கலாம். முந்தைய பணிகளுக்கே பில் பாக்கி நிற்பதால் ஒப்பந்ததாரர்கள் ஒதுங்கியிருக்கலாம். 'நகராட்சி நிதி நெருக்கடியில் தவிக்கிறது' என்று எவரும் பேட்டி கொடுக்க மாட்டார்கள். மூன்றாம் அழைப்பு அதைச் சொல்லிவிடும்.

அடுத்தது மன்றப் பொருள் நிரல், அஜெண்டா என்றால்தான் அலுவலகத்தில் புரியும். கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர்களுக்குப் போய்விடும். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் ஓர் இளநிலை உதவியாளர் எழுந்து ஒரே மூச்சில் வாசிக்கத் தொடங்குவார். பொருள் எண் ஒன்று, பொருள் எண் இரண்டு... ஐந்தாவதைத் தொடுவதற்குள் ஒரு மூலையிலிருந்து "ஆல் பாஸ்" என்று குரல் எழும். மேசையைத் தட்டுவார்கள். முந்திரி பக்கோடாத் தட்டு வந்துவிடும். அறுபது பொருளும் நிறைவேறியிருக்கும். ஏதாவது ஒரு வார்டில் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுந்து சத்தம் போட்டு வெளிநடப்பு செய்தால் மறுநாள் பத்திரிகைக்கு 'காரசார விவாதம்' தயார். வெளிநடப்பு செய்தவர் வராந்தாவில் எங்களிடம் படத்துக்கு நின்றுவிட்டு மறுபடி உள்ளே போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதையும் பார்த்திருக்கிறேன். அமர்வுப் படி விட்டுப்போகக் கூடாது அல்லவா?

அறுபது பொருளையும் வரிவரியாகப் படிக்கிற பழக்கம் எனக்கு வந்தது, கூட்டமே இல்லாத காலத்தில்தான். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் அம்மாத இறுதிக்குள் முடிந்தது. நகராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. ஆணையரே தனி அலுவலர். ஆணையராக அவர் கையெழுத்திட்டு வைத்த பொருளைத் தனி அலுவலராக அவரே பரிசீலித்து, அவரே அனுமதித்து, மீண்டும் கையெழுத்திடுவார். 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடக்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல், தமிழ்நாட்டு நகரங்கள் இப்படித்தான் ஓடின. சாலை போடாமல் இல்லை, குப்பை அள்ளாமல் இல்லை. கோப்பு வேகமாகவே நகர்ந்தது என்று அலுவலகத்தில் சிலர் இன்றும் ஏக்கத்தோடு சொல்வதுண்டு. ஆனால் எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் செய்தி எப்படிப் பிறக்கும்? தீர்மான நகலை வாங்கிப் படிப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வெளிநடப்பைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். அதுவும் இல்லாமல் போனபோது, சத்தம் போடுகிற கவுன்சிலர் எவ்வளவு பெரிய வசதி என்று தெரிந்தது.

தேர்தல் முடிந்து புதியவர்கள் வந்தார்கள். 50 சதவீத இடஒதுக்கீட்டால் மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். அலுவலகம் தந்த தொலைபேசிப் பட்டியலில் இருந்த எண்ணை அழைத்தால் பல வீடுகளில் கணவர்தான் எடுத்தார். "சொல்லுங்கள் சார், கவுன்சிலர்தான் பேசுகிறேன்" என்று கூசாமல் சொன்னவரும் உண்டு. ஆனால் ஓராண்டில், அஜெண்டாவில் அடிக்கோடு போட்டுக்கொண்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பெண்கள்தான் என்பதையும் கவனித்தேன். தண்ணீர் வராத தெருவில் குடத்தோடு நின்ற அனுபவம் கணவருக்கு ஏது?

வந்த வேகத்தில் அவர்கள் தலையில் விழுந்தது சொத்து வரி. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் அரசு உத்தரவு வந்தது. எங்கள் ஊர் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீத உயர்வு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். டீக்கடைகளில் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று நகராட்சி வெளியிட்ட அறிவிப்போ உள்ளங்கை அகலம்கூட இல்லை. 'மேற்படி', 'மேற்கண்டவாறு', 'இதன் மூலம் அறிவிக்கலாகிறது' என்ற சொற்களுக்கு நடுவே கெடு தேதி எங்கோ ஒளிந்திருந்தது. தேதியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டு நான் எழுதி அனுப்பினேன். பத்திரிகை அலுவலகத்தின் செய்தி மேசையில் அதைச் சுருக்கி, பதிலாக 'சொத்து வரி உயர்வு: பொதுமக்கள் அதிர்ச்சி' என்று தலைப்பு வைத்தார்கள். அதிர்ந்தவர்களில் மனு எழுதிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே என்று வருவாய்ப் பிரிவில் சொன்னார்கள்.

மேசை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பதிப்பில் அதிகம் படிக்கப்பட்ட செய்தி எது என்று என்னைக் கேட்டால் 'நாளைய மின்தடை' என்பேன். துணை மின் நிலையப் பராமரிப்புப் பணி, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை, இன்னின்ன தெருக்கள். இடம் போதாமல் மேசையில் கடைசி நான்கு தெருக்களை வெட்டி 'அதனைச் சுற்றியுள்ள பகுதிகள்' என்று போட்டுவிட்டால் மறுநாள் காலை ஏழு மணி தொடங்கி எனக்குப் போன். மாவு மில்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், பல் மருத்துவர். அமைச்சர் பேச்சைத் தவறாகப் போட்டால்கூட இத்தனை பேர் கேட்டதில்லை.

சாலைச் செய்தியிலும் இப்படி ஒரு வரி முக்கியமானது. பழைய சாலையின் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டு, எங்கள் பழைய தெருக்களில் வீட்டு வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் நடுக்கூடத்துக்கு வரும். 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தினார். அதன் பிறகு சாலைப் பணி எது வந்தாலும், மதிப்பீட்டில் சுரண்டலுக்குத் தொகை இருக்கிறதா என்று உதவிப் பொறியாளரிடம் கேட்பேன். "எந்தச் சுரண்டலைக் கேட்கிறீர்கள்?" என்று அவர் ஒருமுறை சிரித்தார். நல்ல மனிதர்.

2024 ஆகஸ்டில் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சிகளாயின. மாநிலத்தில் மாநகராட்சிகள் 25 ஆயின. பக்கத்து ஊர் மாநகராட்சியானதும் எங்கள் ஊரிலும் எல்லையை விரிக்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. 'தரம் உயர்வு' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைப்பது சுலபம். ஊராட்சி ஒன்று நகரத்தோடு சேரும் நாளில் அங்கே அப்போதிருந்த நூறு நாள் வேலை போய்விடும், ஏனென்றால் அந்தத் திட்டம் ஊரகத்துக்கு மட்டுமானதாக இருந்தது. வீட்டு வரியும் நகரத்துக் கணக்குக்கு மாறும். பஸ் ஸ்டாண்டில் நின்று கருத்துக் கேட்டால் எல்லோரும் வரவேற்பார்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளிக் களத்துமேட்டில் கேட்டால் பெண்கள் கேட்ட முதல் கேள்வியே "வேலை அட்டை செல்லுமா?" என்பதுதான். இரண்டையும் ஒரே செய்தியில் எழுதினேன். பஸ் ஸ்டாண்ட் மட்டும் அச்சானது.

எனக்குக் கிடைத்த தகவல்களில் பாதியைத் தந்தவர் குடிநீர்ப் பிரிவில் இருந்த ஒரு பிட்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எந்தத் தெருவில் எந்த வால்வு எத்தனை சுற்று என்பது அவர் கைக்கு மனப்பாடம். புதிய தொட்டி திறந்த அன்று கூட்டத்தின் ஓரத்தில் நின்றபடி, "தொட்டிக்கு ஆள் போட்டார்களா என்று கேள் தம்பி" என்றார். கேட்டேன். புதிய தொட்டிக்கென்று பணியிடம் எதுவும் இல்லை. ஏற்கெனவே இரண்டு தொட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒப்பந்தப் பணியாளரே இதையும் சைக்கிளில் போய்த் திறந்துவிட வேண்டும். கட்டுவதற்கு மத்திய அரசு நிதி, மாநில அரசு நிதி, கடன் எல்லாம் வரும். அம்ருத், நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர்ப்பலகையும் வரும். வால்வைத் திறக்கிற ஆளின் கூலியும் மோட்டாரின் கரண்ட் பில்லும் நகராட்சியின் பொது நிதியிலிருந்து போக வேண்டும். அதில் பணம் இருக்கிறதா என்று யாரும் பூமி பூஜையில் கேட்பதில்லை, நிருபர்கள் உட்பட.

அந்த அண்ணன்தான் மோட்டார் விஷயத்தையும் சொன்னார். தலைமை நீரேற்று நிலையத்தில் ஒரு மின்மோட்டார். அஜெண்டாவை எடுத்தால், 'பழுதடைந்த மோட்டாரை அவசர அவசியம் கருதித் தலைவரின் முன் அனுமதி பெற்றுப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்துக்கு மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது' என்று ஒரு பொருள். அடுத்த கூட்டத்தில் காயில் கட்டியதற்கு, அதற்கடுத்து பேரிங் மாற்றியதற்கு. குதிரைத்திறனும் இடமும் ஒன்றே, மோட்டாரும் ஒன்றே. ஒவ்வொரு தொகையும் சிறியதுதான், யார் கண்ணையும் உறுத்தாது. பழைய அஜெண்டாக்களை வீட்டில் அடுக்கி வைத்திருந்தேன். தொகைகளைக் கூட்டினால் புதிய மோட்டாரே வாங்கியிருக்கலாம். திருட்டு என்று நான் எழுதவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. புதிதாக வாங்க வேண்டுமென்றால் மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர் என்று மாதக்கணக்கில் ஆகும். ஊருக்குத் தண்ணீர் நிற்காமல் இருக்கப் பழுது பார்ப்பதே கைவசமிருந்த வழி என்று பொறியாளர் தரப்பு சொன்னதையும் சேர்த்தே எழுதினேன். நான்காம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாக வந்தது.

அடுத்த கூட்டத்து அஜெண்டாவில் மோட்டாரைக் காணவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் புதிதாக ஒரு பொருள் இருந்தது: 'குடிநீர்ப் பிரிவு மின்மோட்டார்கள் மற்றும் பம்புகள் ஆண்டுப் பராமரிப்பு', ஒரே வரி, ஒரே மொத்தத் தொகை. எந்த மோட்டார், எத்தனை முறை, என்ன பழுது என்று இனிமேல் அஜெண்டாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. "ஆல் பாஸ்" ஆனது. மாலையில் மேசையிலிருந்து அழைத்து, "நம் செய்தி எதிரொலி என்று படத்தோடு ஒரு பெட்டி போடலாமா சார்?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன்.