வாங்க பாய்ஸ் பாட்டுப் புத்தகம்

நம் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்க மலர்க் குழுவினர் பள்ளி நாள்களைப் பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். நம் ஆசிரியர்களைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு கேசட்டைப் பற்றியும், அதிலிருந்த பாட்டுகளைக் காதில் விழுந்தபடியே தமிழ் எழுத்தில் எழுதிவைத்த ஒரு நாற்பது பக்க நோட்டைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். இரண்டும் 1999 டிசம்பரில், ப்ளஸ் ஒன் அரையாண்டு விடுமுறையில் உருவானவை. கேசட் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நோட்டு மதுரையில் என் நண்பனிடம் இருக்கிறது.

ஒரே மணிக்குக் கூடி ஒரே வாசல் வழியாக வெளியேறினாலும், தமிழ் வழிப் பிரிவுகளுக்கும் ஆங்கில வழிப் பிரிவுகளுக்கும் இடையே அந்நாளில் யாரும் கட்டாத ஒரு சுவர் இருந்தது என்பதை நம்மோடு படித்தவர்கள் அறிவார்கள். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, மதிப்பெண் நன்றாக வந்துவிட்ட காரணத்தால் ப்ளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறியவன் நான். வேதியியல் ஆய்வகத்தில் ஒரு சந்தேகம் கேட்பதற்கு முன் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் நான்கு முறை சொல்லிப் பார்ப்பேன். சொல்லிப் பார்த்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். என் நண்பன் தமிழ் வழியிலேயே தொடர்ந்தான். இருவரும் செல்லூர்க்காரர்கள். அவன் வீட்டில் தறி ஓடியது. காலையில் அவனை அழைத்துப் போகச் சைக்கிளில் சென்று நின்றால், தெருமுனையிலேயே அந்தச் சத்தம் என்னை எதிர்கொள்ளும். பிறந்தது முதல் அந்தச் சத்தத்துக்குள் உறங்கி எழுந்தவன் என்பதால்தானோ என்னவோ, எந்தப் பாட்டைக் கேட்டாலும் அதன் தாளத்தை முதல் நான்கு தட்டுக்குள் பிடித்துவிடுவான். வைகைப் பாலத்தைக் கடக்கும்போது ஹேண்டில்பாரில் அவன் தாளம் போட, நான் பாடிக்கொண்டு வருவேன்.

பாட்டு என்றால் எங்களுக்கு முதலில் கோடை எஃப்.எம்.தான். கொடைக்கானல் மலையிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வந்த அந்த ஒலிபரப்பைக் கேட்காத டீக்கடை அப்போது மதுரையில் இல்லை. வெளிநாட்டுப் பாட்டு வந்தது கேபிள் டிவி வழியாக. எம் டிவியில் நான் முதன்முதலாகக் கேட்டது ‘மக்கரேனா’. ஸ்பெயினில் செவில் நகருக்கு அருகிலுள்ள தோஸ் எர்மானாஸ் என்ற ஊரைச் சேர்ந்த இரண்டு நடுவயதுக்காரர்கள் லோஸ் தெல் ரியோ என்ற பெயரில் 1993இல் பாடிய பாட்டு அது. மயாமியில் ரீமிக்ஸ் செய்யப்பட்ட பிறகு, 1996இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அடுத்து டென்மார்க்கிலிருந்து அக்வா குழுவின் ‘பார்பி கேர்ள்’, இத்தாலியின் தூரின் நகரத்து ஐஃபல் 65 குழுவின் ‘ப்ளூ’, லூ பேகாவின் ‘மாம்போ நம்பர் 5’ என்று ஒவ்வொன்றாக வந்தன. இந்தக் கடைசிப் பாட்டு, கியூபாவில் பிறந்த பெரெஸ் பிராடோ 1949இல் அமைத்த வாத்திய இசையின் மேல் புதிதாகக் கட்டியது என்பதும், எங்கள் தாத்தாக்களின் இளமைக் காலத்து மெட்டு அது என்பதும் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தன. எந்த நாடு, எந்த மொழி என்ற கேள்வியே அன்று எங்களுக்கு எழவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு டிரம் அடி விழும், மூன்றரை நிமிடத்துக்குள் பல்லவி ஆறேழு முறையாவது திரும்பி வரும், பாடுகிறவர்கள் சிரித்துக்கொண்டே பாடுவார்கள். பதினைந்து வயதுக்கு அது போதுமானதாக இருந்தது.

கேசட் பதிவு செய்தது டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ரெக்கார்டிங் சென்டரில். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். ஆள் ஒருவர் உட்காரவும் ஒருவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள அறை. சுவர் முழுக்கக் கேசட். நடுவில் இரட்டை டெக். வேண்டிய பாட்டுகளை வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டுக்கும் பதிவுக் கூலிக்கும் பணம் கட்டிவிட்டு வந்தால், நான்கைந்து நாள் கழித்துக் கிடைக்கும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு எட்டுப் பாட்டு. பதினாறு பாட்டுகளின் பட்டியலை நாங்கள் ஒரு வாரம் போட்டோம், அடித்தோம், மறுபடியும் போட்டோம். கடைக்கார அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேசட்டை வாங்கிவந்து போட்டபோது, இரண்டாம் பக்கத்தில் எட்டாவது பாட்டு முடிந்த பிறகு, பட்டியலில் இல்லாத ஒன்பதாவது பாட்டு ஒன்று தொடங்கியது. மீதியிருந்த நாடாவை வெறுமையாக விட அவருக்கு மனம் வரவில்லை. வண்டி ஹாரன் ஒலியோடு ஆரம்பிக்கும் பாட்டு அது. ஒரு பஸ் வருகிறது, எல்லாரும் ஏறிக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர அதில் வேறு சேதி கிடையாது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் பாடிவிட்டு, ஒரு சொல்லின் நடுவில் ‘டக்’ என்று கேசட் நின்றுவிடும். உள்ளே செருகியிருந்த அட்டையில் அண்ணன் பச்சை மையில் ‘வெங்கா பாய்ஸ்’ என்று எழுதியிருந்தார். மற்ற பதினாறு பாட்டுகளையும்விட அந்த அரைப் பாட்டைத்தான் நாங்கள் அதிகம் கேட்டோம். அதற்காகவே பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகி நாடாவைப் பின்னோக்கிச் சுற்றுவதில் என் நண்பன் தேர்ச்சி பெற்றான்; எத்தனை சுற்றுக்கு அந்த ஹாரன் வரும் என்பது அவன் விரலுக்குத் தெரியும்.

நோட்டு அவனுடைய யோசனை. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் எழுத்துக்கூட்டலில் சிக்கிக்கொள்வோம், தமிழில் எழுதினால் வாய்க்கு வந்துவிடும் என்று சொல்லி, காதால் கேட்ட ஒவ்வொரு வரியையும் அப்படியே தமிழில் இறக்கினான். முகப்பில் ‘வாங்க பாய்ஸ் பாட்டு புத்தகம்’ என்று எழுதினான். வெங்கா என்பது அவன் காதில் வாங்க என்றே விழுந்திருந்தது. பஸ் வருகிறது, வாங்க என்று கூப்பிடுகிறார்கள், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்டான். ‘ப்ளூ’ பாட்டுக்கு அவன் சொன்ன விளக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆளும் நீலம், வீடும் நீலம், வண்டியும் நீலம் என்று நான் அரைகுறையாகப் புரிந்துகொண்டதைச் சொன்னபோது, அப்படியானால் அது அழகரைப் பற்றிய பாட்டாகத்தான் இருக்கும் என்றான். ‘பார்பி கேர்ள்’ பாட்டில் கீச்சென்ற பெண் குரலும் கரகரத்த ஆண் குரலும் மாறிமாறி வருவதைக் கேட்ட அவனுடைய அப்பா, தறியை நிறுத்தாமலே, இது நம்மூர் நாடகத்தில் பபூனும் டான்ஸும் பண்ணும் தர்க்கமல்லவா என்றார். வள்ளி திருமணம் தொடங்குவதற்கு முன் நடக்கும் அந்தக் காட்சியை மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர் அவர். அவர் சொன்னது மிகச் சரியான ஒப்பீடு என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் நோட்டு பிடிபட்டது. தமிழ்ப் பாடவேளையில் மட்டும் எங்கள் இரு பிரிவுகளும் ஒரே அறையில் அமர்வோம். இலக்கணம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ் ஐயா மேசைக்கு அடியிலிருந்து அதை எடுத்து, முதல் பக்கத்தை வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார். வகுப்பில் ஓர் ஓசையும் இல்லை. இதற்கு என்ன பொருள் என்று கேட்டார். “பொருள் தெரியாதுங்கய்யா, ஓசை நல்லாருக்கும்” என்று என் நண்பன் எழுந்து நின்று சொன்னான். ஐயா சற்று நேரம் அவனையே பார்த்துவிட்டுக் கரும்பலகைக்குச் சென்று ‘இசைநிறை’ என்று எழுதினார். தமக்கெனப் பொருள் இல்லாமல், செய்யுளில் ஓசையை நிறைப்பதற்காகவே வரும் சொற்கள் உண்டு என்று தொல்காப்பியர் இடையியலில் அவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறார் என்றும், ஏலேலோ என்று படகு வலித்தவனும், தன்னானே என்று நாற்று நட்டவளும், ஆராரோ என்று தொட்டில் ஆட்டியவளும் பொருளைத் தேடிக்கொண்டு பாடவில்லை என்றும் சொல்லி, மீதி நேரம் முழுவதையும் அதற்கே கொடுத்தார். மணி அடித்ததும் நோட்டைத் திருப்பித் தந்தார். முகப்பில் சிவப்பு மையில் ஒரு ‘ப்’ மட்டும் சேர்த்திருந்தார்: பாட்டுப் புத்தகம்.

அவர் சொன்னது எனக்குள் ஆழமாக இறங்கியது. 1997இல் வந்த மின்சார கனவு படத்தில் ‘ஊ லலல்லா’ என்று தொடங்கி மானாமதுரை மாமரத்துக்குப் போகும் பாட்டைப் பாடியதற்காகத்தான் சித்ராவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நம் பக்கத்து ஊர்ப் பெயருக்கு முன்னால் அந்த லலல்லா வரவில்லை என்றால் அந்தப் பாட்டு அத்தனை உயரம் பறந்திருக்காது என்பது என் துணிபு.

அந்த ஆண்டு விழாவை நம்மவர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மேடை நடனங்களுக்கு அனுமதி கிடைப்பது எளிதாக இல்லாத காலம். உடற்கல்வி ஆசிரியரிடம் நாங்கள் மக்கரேனாவை ஆடிக் காட்டினோம். வலக்கை முன்னே, இடக்கை முன்னே. உள்ளங்கையைத் திருப்பு, மற்றதையும் திருப்பு. எதிர்த் தோளில் ஒரு கை, மறு கை. பிடரிக்கு, இடுப்புக்கு, அசைவு, துள்ளிக் காற்பங்கு திரும்பு. பதினாறு எண்ணிக்கையில் எல்லாம் முடிந்து, அடுத்த திசையில் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இது மாஸ் டிரில்தானே என்றார். நாற்பத்தெட்டுப் பேர், பிரிவுக்குப் பாதிப் பாதி என்று அவரே முடிவு செய்தார். தாளம் தவறாத காரணத்தால் என் நண்பன் முதல் வரிசையின் நடுவில் நின்றான். அந்த மூன்று வாரமும் ஆங்கில வழி மாணவர்கள் அவனைத் தேடிவந்து, எட்டாவது எண்ணிக்கைக்கு எந்தக் கை என்று கேட்டார்கள். பாட்டு ஸ்பானிய மொழியில் இருந்தது. அவர்களுக்கும் அதில் ஒரு வரி விளங்கவில்லை. வாயசைக்கவாவது வரிகள் வேண்டும் என்றபோது, அவர்கள் உட்கார்ந்து படித்தது அவனுடைய தமிழ் நோட்டைத்தான்.

விழா நாளில் இரண்டாவது சுற்றிலேயே மின்சாரம் போய்விட்டது. ஒலிபெருக்கி நின்ற அந்த நொடியில் நாற்பத்தெட்டுக் கைகளும் அந்தரத்தில் நின்றன. என் நண்பன் நிறுத்தவில்லை. கையை மாற்றிக்கொண்டே, நோட்டில் எழுதியிருந்தபடி, உரத்த குரலில் பாட ஆரம்பித்தான். அடுத்த வரியில் பக்கத்து வரிசை சேர்ந்தது. அதற்கடுத்த வரியில் எல்லாரும் சேர்ந்தோம். யாருக்கும் பொருள் தெரியாத ஒரு பாட்டை, மைதானத்து இருட்டில், இரு பிரிவு மாணவர்களும் ஒரே குரலில் முழுமையாகப் பாடி முடித்தோம். பெண்கள் பகுதியிலிருந்து ஒரு பாட்டி குலவையிட்டார். ஆய்வகத்தில் வாய் திறக்கத் தயங்கிய எனக்கு, அந்த மேடையில் தயக்கம் ஏற்படவில்லை. மறுநாள் வேதியியல் வகுப்பில் எழுந்து நின்று என் சந்தேகத்தைக் கேட்டேன்.

இந்தப் பாட்டுகளைக் குப்பை என்று சொல்பவர்களை அன்றும் கேட்டிருக்கிறேன், இன்றும் கேட்கிறேன். ‘பார்பி கேர்ள்’ பாட்டின் மேல் பொம்மை நிறுவனமான மட்டேல் வழக்குத் தொடுத்து, அது கேலிப் பாட்டு என்ற முறையில் சட்டப் பாதுகாப்புக்கு உரியதே என்று 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் அதே நிறுவனம் வரிகளை மாற்றித் தன் விளம்பரத்துக்கு அதே பாட்டைப் பயன்படுத்திக்கொண்டது. குப்பை என்றால் இத்தனை பேர் அதற்காக இத்தனை காலம் உழைத்திருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தை ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டே கைதூக்க வைக்கும் மெட்டை அமைப்பது கடினமான தொழில். அதைச் செய்தவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

வெங்கா பாய்ஸ் டச்சுக் குழு என்பது இந்த நாட்டுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ‘வெங்கா’ என்பது ஸ்பானியச் சொல் என்றும், மரியாதைக்குரியவரை ‘வாருங்கள்’ என்று அழைப்பதற்கு அவர்கள் அதையே சொல்வார்கள் என்றும் அலுவலகத்து ஸ்பானியத் தோழர் ஒருவர் சொன்னபோது, நான் எழுந்து வெளியே சென்று மதுரைக்குப் போன் செய்தேன். நோட்டின் முகப்பு சரியாகத்தான் எழுதப்பட்டிருந்தது என்று என் நண்பனிடம் சொன்னேன். தமிழ் ஐயாவிடமும் இதைச் சொல்லியிருக்கலாம் என்றான். அவர் அப்போது காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஏப்ரல் 27 இங்கே மன்னர் பிறந்த நாள். ஊர் முழுக்க ஆரஞ்சு நிற உடை, தெருவெல்லாம் பாட்டு. சென்ற முறை ஐந்தோவன் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தபோது அந்த ஹாரன் கேட்டது. உடனே வீடியோ காலில் நண்பனை அழைத்தேன். மதுரையில் இரவு எட்டு மணி இருக்கும். அவன் துண்டுக் கட்டுகளுக்கு நடுவே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். போனைத் தூக்கிப் பிடித்தேன். அவன் விரல் கணக்கு நோட்டின் மேல் தாளம் போடத் தொடங்கியது. இரண்டு நிமிடம் ஆகப்போகிற இடத்தில், அந்தச் சொல்லின் நடுவில், அவன் விரலும் என் காலும் தாமாகவே நின்றன. தெருவில் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

“மாப்ள,” என்றான், “இதுக்கு மேலயும் பாட்டு இருக்காடா?”

போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.