மார்ச் மாதத்தில் நான் நல்ல ஊழியன்

எனக்கு பைபோலார்; மனநிலை சில நாள் அடியோடு தாழும், சில நாள் அளவுமீறி எகிறும் மனநோய். பைபோலார் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பேன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்தப் பக்கமாவது வெளியே தெரியும். "முகம் வாடியிருக்கே" என்று நாலு பேர் கேட்பார்கள். எனக்கு ஆபத்து மறுபக்கம்.

பொதுத்துறை வங்கிக் கிளையொன்றில் கிளார்க் நான். மார்ச் கணக்கு முடிக்கும் நாட்களில் இரவு பத்துக்கு முன்னால் ஷட்டர் இறங்காது. இரண்டு நாள் தூக்கம் குறைந்தால் போதும், மூன்றாம் நாள் எனக்குத் தூக்கமே தேவைப்படாது. தேங்கிக் கிடக்கும் கேஒய்சி படிவங்களை ஒரே மூச்சில் முடிப்பேன். பென்ஷன் வாங்க வருகிற தாத்தாவிடமும் சிரித்துப் பேசி டெபாசிட் பிடிப்பேன். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "இவரைப் பார்த்து எல்லாரும் கத்துக்கணும்" என்பார். சர்க்கரை 400-க்கு ஏறியவரை யாராவது பாராட்டுவார்களா? என்னைப் பாராட்டுகிறார்கள்.

வீட்டில் ஏமாற்ற முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குப் பரணைச் சுத்தம் செய்ய நான் ஏணி போட்டால், மனைவி ஒன்றும் பேசாமல் ஏணியைப் பிடித்துக்கொள்வாள். விடிந்ததும் டாக்டருக்குப் போன் போய்விடும்.

ஆபீசில் ஹெட் கேஷியர் அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். ஆறுதல், அறிவுரை எதுவும் கிடையாது. "தம்பி, நேத்து எத்தனை மணிக்குத் தூங்குன?" அவ்வளவுதான். பதில் சரியில்லை என்றால், "கிளம்பு, வவுச்சரை நான் பாத்துக்கறேன்" என்று என் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுவதால் எனக்குக் கை லேசாக நடுங்கும். நோட்டை மெஷின் எண்ணிவிடுகிறது; டீ கிளாஸில்தான் குட்டு வெளிப்படும். எனக்கு மட்டும் முக்கால் கிளாஸ் ஊற்றும்படி டீக்காரரிடம் அக்கா சொல்லி வைத்திருக்கிறார்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. ராத்திரி மாத்திரை போட்டுச் சுமார் 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் லித்திய அளவு சரியாகத் தெரியும். 9 மணி மாத்திரைக்குக் காலை 9 மணிக்கு லேப். கூட்டம் இருந்தால் ஆபீசில் ஒரு மணி நேரம் பர்மிஷன். "தைராய்டு டெஸ்ட் சார்" என்பேன். முழுப் பொய்யும் இல்லை, லித்தியம் சாப்பிடுகிறவர்கள் தைராய்டையும் பார்க்கத்தான் வேண்டும்.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. பணியில் இருக்கும்போது இயலாமை வந்தவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. ஆனால் உரிமையைக் கேட்க வேண்டுமென்றால் சான்றிதழை நீட்ட வேண்டும். யூனியன்காரர் ஒருவரிடம் மச்சானுக்காகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஃபைல்ல ஏறிடுச்சுன்னா போற கிளைக்கெல்லாம் கூடவே வரும், யோசிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். மனைவி விண்ணப்பம் போடச் சொல்கிறாள். இந்த வருடம் எனக்கு டிரான்ஸ்ஃபர் உறுதி. புதுக் கிளையில் அக்கா இருக்க மாட்டார். இருவர் சொல்வதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது, அதனால் விண்ணப்பம் இன்னும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது.