ஸ்டிக்கர் எங்கே?

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்கு மாடிவீட்டு அம்மாவுக்கு ஒரு நாவல் வாங்கிக்கொண்டு போனேன். அம்மா என்று நானாக வைத்த பெயரில்லை. ஐஸ்லாந்து மொழியில் பாட்டியை ‘அம்மா’ என்றுதான் சொல்வார்கள். பேரப்பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, நானும் அதிலே தொற்றிக்கொண்டேன். இங்கே ஜனாதிபதியைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எழுபது தாண்டிய ஒருத்தரை அப்படிக் கூப்பிட என் பாளையங்கோட்டை வாய்க்கு வரவில்லை.

டிசம்பர் 24, சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் இங்கே பண்டிகை பிறந்துவிடும். முதலில் சாப்பாடு, பிறகுதான் பரிசு பிரிப்பது. நான் கொடுத்ததைப் பிரித்த அம்மா சிரித்தார். அப்புறம் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி முன்னட்டை. “ஸ்டிக்கர் எங்கே?”

விலை ஒட்டியிருக்கிறது என்று நினைத்து முந்தின நாள் ராத்திரி அதை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தேன். பசை போகவில்லை என்று தேங்காய் எண்ணெய் வேறு தொட்டுத் துடைத்தேன். பரிசில் விலை தெரியலாமா? ஆனால் அது விலையே இல்லையாம். பண்டிகை முடிந்ததும் கடையில் கொடுத்து வேறு புத்தகம் மாற்றிக்கொள்வதற்கான ஸ்டிக்கர். அதே நாவலை அன்றைக்குத்தான் இரண்டு மகன்களும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். என்னுடையது மூன்றாவது.

இந்த ஊரில் இது சகஜம். நாலு லட்சம் பேர்கூட இல்லாத நாடு. வருஷத்தில் வருகிற புதுப் புத்தகங்களில் பெரும்பகுதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களில் வந்து குவியும். ‘யோலாபோகாஃப்ளோத்’ என்பார்கள், கிறிஸ்துமஸ் புத்தக வெள்ளம். (டிசம்பர் வெள்ளம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு 2023 தாமிரபரணிதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லைப் பழக எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.) கெட்டி அட்டைப் புத்தகம் ஏழாயிரம் குரோனாவுக்கு மேல். சும்மா வாங்க யோசிப்பவர்கள் பரிசு என்றால் யோசிப்பதில்லை.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் என்கிறார்கள். பிரிட்டிஷ் படையும் அமெரிக்கப் படையும் வந்து இறங்கியதில் ஜனங்கள் கையில் காசு புழங்கியது. வெளிநாட்டுச் சாமான்களுக்கோ ஏகப்பட்ட கட்டுப்பாடு. காகிதத்துக்கு மட்டும் கெடுபிடி கம்மி. வேறென்ன கொடுப்பது? புத்தகம் கொடுத்தார்கள். டென்மார்க்கிடமிருந்து பிரிந்து குடியரசான அதே 1944இல், புதுப் புத்தகங்களையெல்லாம் ஒன்றாகப் பட்டியல் போட்டு ‘போகாதீதிந்தி’ என்று ஓர் இலவச மலர் வெளிவந்தது. இன்றும் வருகிறது. அம்மா வீட்டுப் பிரதியில் பேனாவால் டிக், கேள்விக்குறி, சில இடத்தில் கோபமாக ஒரு பெருக்கல் குறி. பள்ளிக்கூட விடைத்தாள் மாதிரி இருந்தது.

இணையத்தில் இந்த ராத்திரியைப் பற்றி எழுதுகிறவர்கள் மெழுகுவர்த்தி, சாக்லேட், கம்பளி, விடிய விடிய வாசிப்பு என்று உருகுகிறார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பேரன் போனில் இருந்தான். பெரிய மகன் மால்ட்டும் ஆரஞ்சு சோடாவும் கலந்த பானத்தை இரண்டு கிளாஸ் இறக்கிவிட்டு, திறந்த நாவலை வயிற்றின்மேல் கவிழ்த்துப்போட்டுத் தூங்கிவிட்டார். இவர்கள் பேச்சில், எழுத ஆசையுள்ளவரை ‘வயிற்றில் புத்தகத்தோடு அலைகிறார்’ என்பார்களாம். அம்மா அவரைக் காட்டி அதைச் சொல்லிச் சிரித்தார். அம்மா மட்டும் உண்மையிலேயே வாசித்தார், சமையலறை மேசையில், விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு. நான் கீழே இறங்கும்போது மணி பதினொன்றரை. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒரு கையசைப்பு, அவ்வளவுதான்.

27ஆம் தேதி கடைக்கு அவரோடு நானும் போனேன். ஆளாளுக்குக் கையில் ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகம், நீள வரிசை. மகன்கள் கொடுத்த இரண்டையும் மாற்றி ஒரு துப்பறியும் கதையும், எனக்கென்று குழந்தைகள் படப்புத்தகம் ஒன்றும் எடுத்தார். புதுத்துணி கிடைக்காதவர்களைத் தின்கிற கிறிஸ்துமஸ் பூனையின் கதை அதில். பாளையங்கோட்டையில் அந்தப் பூனை பட்டினி கிடந்தே செத்திருக்கும்.

ஸ்டிக்கர் இல்லாத என் நாவல் அவர் அலமாரியிலேயே தங்கிவிட்டது. பின்னட்டையில் எண்ணெய்க் கறை ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பரவியிருக்கிறது.